தோட்ட டூட்டி

எனக்கு மன்னிக்கத் தெரியாது. வயதானால் மனசு இளகும் என்பார்கள். எனக்கு ஐம்பத்திரண்டு ஆகிறது, மாதவிலக்கு நின்று மூன்று வருடமாகிறது, என்னிடம் இளகியதெல்லாம் எலும்புதான். எலும்பு இளகினால் உள்ளே இருப்பது வெளியே வரும். அதை நம்பித்தான் ஒரு மனிதர்மேல் இத்தனை வருடம் கறுவிக்கொண்டிருந்தேன்.

அப்பாவை நாங்கள் நைனா என்போம். எளாவூரில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அப்படித்தான். பழைய லாரி பேட்டரிகளை உடைத்து ஈயத்தை உருக்கும் கம்பெனி ஒன்றில், கும்மிடிப்பூண்டியில், உலைக்கு முன்னால் அவருக்கு வேலை. அதுவரை ஊரார் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். கம்பெனிச் சட்டை போட்ட முதல் ஆள் அவர்தான். அந்த நீலச் சட்டையை அம்மா எங்கள் பள்ளிக்கூடத் துணியோடு சேர்த்து ஒரே அலுமினிய அன்னக்கூடையில் ஊறவைப்பாள். தண்ணீர் சாம்பல் நிறமாகிவிடும். அதில் ஏறி நின்று துணியை மிதிப்பது என் வேலை. எனக்கு அது விளையாட்டாக இருந்தது. என் எலும்பிலும் அந்த ஈயச் சரக்கு கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கம்பெனியில், ஈயம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று இரத்தப் பரிசோதனை. அதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்னால் சூப்பர்வைசர் சுற்றி வருவார். யாருக்கு முகம் வெளிறியிருக்கிறது, யார் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று பார்ப்பார். அவர்களை உலையிலிருந்து எடுத்து ஆபீசுக்கு முன்னால் இருக்கும் தோட்டத்துக்கு அனுப்பிவிடுவார். ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றுவது, குரோட்டன்ஸை வெட்டுவது. தினமும் ஒரு டம்ளர் பால், இரண்டு வாழைப்பழம். பால் ஈயத்தைக் கழுவிக்கொண்டு போய்விடும் என்று அவர்தான் எல்லாருக்கும் சொல்லிவைத்திருந்தார். பரிசோதனை முடிந்த மறுநாள் பழையபடி உலை.

எங்கள் ஆட்கள் அதைத் தண்டனையாகவோ தந்திரமாகவோ பார்க்கவில்லை, பரிசாகப் பார்த்தார்கள். நைனாவுக்குத் தோட்ட டூட்டி என்றால் வீட்டில் விசேஷம். அம்மா கேசரி கிண்டுவாள். முதல் கிண்ணம் சூப்பர்வைசர் வீட்டுக்கு. இரண்டு முறை நானே தூக்கிக்கொண்டு போய், "நைனாவ தோட்டத்துல போட்டதுக்கு அம்மா குடுத்துச்சி சார்" என்று சொல்லி நீட்டியிருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் வயிறு எரிகிறது. நைனா தினமும் ஒரு ரோஜா பறித்துவருவார். அதை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் நான் பண்ணாத அலட்டல் இல்லை.

கல்லூரியில் விலங்கியல் எடுத்தேன். இரண்டாம் வருடம் எலும்பைப் பற்றிய பாடத்தில் தோட்டம் எனக்குப் புரிந்தது. ஈயத்துக்கும் சுண்ணாம்புச் சத்துக்கும் உடம்புக்கு வித்தியாசம் தெரியாது. உலையை விட்டுக் கொஞ்ச நாள் விலகியிருந்தால் இரத்தத்தில் ஈயம் குறைந்துவிடும். ஆனால் அதில் கொஞ்சம்தான் சிறுநீரில் போகும். மிச்சம் சுண்ணாம்பு உட்காரவேண்டிய இடத்தில், எலும்பில், போய் உட்கார்ந்துகொள்ளும். எத்தனையோ வருடம் அங்கேயே கிடக்கும். வயதாகி எலும்பு தேயும்போது, முறிந்து படுக்கையில் கிடக்கும்போது, திரும்பவும் இரத்தத்துக்கு வரும். இரத்தத்துக்குத்தான் சோதனை, எலும்புக்கு இல்லை. உலையை விட்டு நகர்த்தினால் சோதனையில் ஈயம் குறைவாகக் காட்டும் என்று சூப்பர்வைசருக்குத் தெரிந்திருந்தது.

அன்றைக்குச் சாயங்காலமே நைனாவிடம் சொன்னேன். அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்கவேண்டும்.

"நாலு எழுத்து படிச்சிட்டா இன்னா வேணா பேசுவியா? சார் இல்லன்னா எனுக்கு யாரு தோட்டம் குடுப்பா?"

அடுத்த வருடம் அவருடைய வலது கை மணிக்கட்டில் தொங்கிப்போனது. டம்ளரைப் பிடித்தால் கை நடுங்கி டீ சிந்தும். இனிமேல் தோட்டத்துக்கு அனுப்பியும் பிரயோஜனமில்லை என்று ஆனதும் கம்பெனி அவரை வெளியே அனுப்பியது. காரணம் எழுதியவர் அதே சூப்பர்வைசர். குடித்துவிட்டு வேலைக்கு வருகிறார், கை நடுங்குகிறது, உலைக்குப் பக்கத்தில் நிற்கவைப்பது ஆபத்து. நைனா வாழ்நாளில் டீயையும் அந்தக் கம்பெனிப் பாலையும் தவிர எதையும் குடித்தவரில்லை. தெருவுக்கு அந்த உண்மை தேவைப்படவில்லை. நடுங்கும் கையைக் கண்ணால் பார்த்தார்கள், நம்பிவிட்டார்கள். என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்த ஒரு குடும்பம் குடிகாரன் வீடு என்று வராமல் நின்றுவிட்டது. அவ்வளவுக்குப் பிறகும் சாகிறவரைக்கும் நைனா சொன்னது ஒன்றுதான்: "சார் கிட்ட போய்ச் சொன்னா திரும்ப வேலைக்கு எட்துப்பாரு."

நன்றியோடு செத்தார். அதுதான் எனக்கு ஆறவில்லை.

இப்போது நான் மணவாள நகரில் ஒரு டாக்டரின் கிளினிக்கோடு ஒட்டிய லேபில் இரத்தம் எடுக்கிறேன். வருகிறவர்களின் முகத்தை அதிகம் பார்ப்பதில்லை, முழங்கை மடிப்பைத்தான் பார்ப்பேன். போன தை மாதம் ஒரு கிழவர் மனைவியோடு வந்து உட்கார்ந்தார். பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தாராம். எழுந்ததிலிருந்து வயிற்றுவலி, சோகை, கை நடுக்கம். பேர் எழுதும்போது நிமிர்ந்தேன். அந்தச் சூப்பர்வைசரேதான். அவருக்கு என்னைத் தெரியவில்லை.

சாயங்காலம் அவருடைய இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். சிவப்பணுக்களில் நீல நீலமாகப் புள்ளிகள், ஈயம் ஏறினால் வருவது போல. வேறு சில நோயிலும் இந்தப் புள்ளிகள் வரும். ஆனால் இவர் முப்பது வருடம் எந்தக் காற்றை மூச்சிழுத்தார் என்று எனக்குத் தெரியும். மற்றவர்களைத் தோட்டத்துக்கு அனுப்பியவர் தன்னை அனுப்பிக்கொள்ளவில்லை. சோகை என்று மட்டும் ரிப்போர்ட் எழுதினேன். புள்ளிகளை எழுதவில்லை. தப்பு என்று தெரிந்தேதான் எழுதவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன்.

டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார். மறுமாதம் திரும்ப வந்தார்கள். காத்திருப்பவர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். நான் குரலை உயர்த்திக் கேட்டேன்.

"சார் குடிப்பீங்களா?"

"ஐயோ, இல்லம்மா. சத்தியமா இல்ல."

"கை இந்த ஆட்டம் ஆடுதே?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். எனக்கு உள்ளே குளிர்ந்தது, பொய் சொல்லப்போவதில்லை. "பாலு குடிங்க, வாழைப்பழம் சாப்டுங்க, சரியாப்பூடும்" என்றேன்.

"அது தினமும் குடிச்சிக்கினுதாம்மா கீறேன்" என்றார். "கம்பெனில பழக்கம்."

பாலைப் பற்றிச் சொன்னதை அவரும் நம்பியிருக்கிறார். சரி, அதை நம்பட்டும். நைனாவைக் குடிகாரன் என்று எழுதியது நம்பி எழுதியதா? எனக்கு அது ஒன்றுதான் தெரியவேண்டும்.

மூன்றாவது முறை வந்தபோது அவருடைய வலது கை மணிக்கட்டில் தொங்கியது. நைனாவின் கை அப்படியே. மனைவி அழுதார்.

"ஊட்டாண்ட அல்லாரும் குடிகாரன்னு பேசுறாங்கம்மா. வெளிய தலகாட்ட முடியல. இன்னா நோவுன்னே யாருக்கும் தெரிலியே."

"எனக்குத் தெரியும்" என்றேன். "சொல்றேன். அதுக்கு முன்னாடி சார் ஒண்ணு சொல்லணும்." அவர் பக்கம் திரும்பினேன். "எளாவூர்லேந்து ஒருத்தர் உங்க கிட்ட உலையில இருந்தாரு. தோட்டத்துல ரோஜாவுக்குத் தண்ணி ஊத்துனாரு. அவரு பொண்ணு உங்க ஊட்டுக்குக் கேசரி எடுத்துக்கினு வருவா. ஞாபகம் கீதா சார்?"

அவர் என் முகத்தை முதல்முறையாகச் சரியாகப் பார்த்தார்.

"எங்க நைனா குடிச்சாரா சார்?"

அவர் மனைவியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"இல்லம்மா. அவரு குடிக்க மாட்டாரு. எனுக்குத் தெரியும்."

"அப்புறம் ஏன் எழுதுனீங்க?"

"காரணம் ஒண்ணு எழுதச் சொன்னாங்க. அதான் சுலபமா இருந்துச்சி."

மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை, நானும் அதற்காகக் காத்து நிற்கவில்லை. டாக்டர் அறைக்குள் போய் நீலப் புள்ளிகளைப் பற்றிச் சொன்னேன், முதல் தடவையே பார்த்ததையும் சேர்த்து. அவர் என்னைத் திட்டினார், திட்டவேண்டியதுதான். ஈயம் பார்க்கவேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். இரத்தம் சென்னைக்குப் போய் வரவேண்டும். இந்தத் தடவை அதற்கு முன்னால் தோட்டம் கிடையாது.

திரும்பி வந்து அவருடைய வலது கையில் ரப்பரைக் கட்டினேன்.

"கைய இறுக்கி மூடுங்க சார்."

மூட வரவில்லை. விரல்கள் பாதியிலேயே நின்றுவிட்டன. நானே அவற்றை ஒவ்வொன்றாக மடக்கிப் பிடித்துக்கொண்டு ஊசியைக் குத்தினேன். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அழுத்தமாகத்தான்.