பங்களாவின் முன்வாசல்

சந்தாபுரா தாண்டி இருக்கும் அந்தப் பழைய பங்களாவைப் புதுப்பித்து, தோட்டமும் மியூசியமுமாகத் திறந்திருக்கிறார்கள். எங்கள் ஆபீஸின் குடும்ப தினம் இந்த வருஷம் அங்கேதான். கல்யாணத்துக்கு முன்னால் அம்மா அந்த வீட்டில் பாத்திரம் தேய்த்தவள். விஷயத்தைச் சொன்னதும், "ஒரே ஒரு தடவ முன்வாசல் வழியா உள்ள போவணும்டா" என்றாள். அதற்கென்றே ஸ்ரீராம்புரத்தில் கடை கடையாக ஏறிப் புதுச் செருப்பு வாங்கினாள். ஒரு வாரம் இதே பேச்சு.

கேட்டில், கையில் கட்டிக்கொள்ள ஆளுக்கொரு காகிதப் பட்டை தந்தார்கள். என்னுடையதைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே தூரத்தில் இருந்து மேனேஜர் கூப்பிட்டார். அம்மாவுடையதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். அவள் ரோஜாப் பாத்திகளைப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்தாள்.

நானும் மேனேஜரும் முன்வாசல் படிக்கட்டருகே பேசிக்கொண்டிருந்தோம். எல்லாரும் ஷூவோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். அம்மா மட்டும் முதல் படியிலேயே புதுச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். அந்தக் காலத்தில் வேலையாட்கள் அந்த வீட்டில் செருப்போடு நடக்கக் கூடாது. அவளுக்கு அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. செக்யூரிட்டி அவளுடைய வெறுங்காலைப் பார்த்தார், பட்டையில்லாத கையைப் பார்த்தார். "கெலசதவ்ரு ஹிந்தகடெ ஹோகம்மா" என்றார் கன்னடத்தில். வேலைக்காரர்கள் பின்பக்கமாகப் போகவேண்டுமாம்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

'எங்க அம்மா' என்று இரண்டு வார்த்தை. வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது எனக்கு? மீட்டிங்கில் வாய் கிழியப் பேசுகிறவன் நான். அம்மா பாத்திரம் தேய்த்ததை ஆபீஸில் யாரிடமும் சொன்னதில்லை. பக்கத்தில் நிற்கும் மேனேஜருக்குத் தெரிந்துவிடுமே என்று பயம். சட்டென்று போனை எடுத்துப் பார்த்தேன். அதில் ஒன்றுமே இல்லை. நிமிர்ந்தபோது அம்மா பின்பக்கம் போய்க்கொண்டிருந்தாள், யாரிடமும் வழி கேட்காமல். சீ, நானும் ஒரு பிள்ளையா!

அவளைத் தேடிப் போனதே சாயங்காலம்தான். திரும்பும்போது டவுன் பஸ்ஸில், ஒன்றும் நடக்காததுபோல், "முன்வாசலப் பாத்தியாம்மா?" என்று கேட்டேன். வெட்கங்கெட்ட கேள்வி.

"பாத்தேன்டா, உள்ளேருந்து," என்றாள். கோபமே இல்லை அவள் குரலில். கொஞ்சம் பொறுத்து என் பக்கம் சாய்ந்து, மெதுவாகச் சொன்னாள்:

"உங்க சாரு சமையக்கட்டப் பாக்க வந்தாரு. இங்க வேல செய்றீங்களான்னு கேட்டாரு. ஆமான்னு சொல்லிட்டேன், நீ பயப்படாத."