தண்ணீர் கேட்டவர்

கீழ்வீட்டிலிருந்து சீஸ் உருகும் மணம் வந்தால் இன்றும் என் பாதம் சில்லிடுகிறது.

எண்பதுகளில், சூரிச்சில் ஒரு பனிக்காலம். அப்பாவின் முதலாளி எங்களை விருந்துக்கு அழைத்தார். உருகிய சீஸில் தோய்க்கும் பாண் ரொட்டித் துண்டைச் சட்டிக்குள் தவறவிட்டால் தண்டனையாம்; அவர்கள் வழக்கம். அப்பா தவறவிட்டார். வெறுங்காலோடு பனியில் வீட்டைச் சுற்றி ஓடவிட்டுச் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

மறுவாரம் முதலாளியை அழைத்து, மிளகாய்த்தூளை அள்ளிப்போட்ட ஆட்டிறைச்சிக் கறி வைத்தார் அம்மா. முதலாளி கண் கலங்கித் தண்ணீர் கேட்டார். அம்மா என் பக்கம் திரும்பினார்.

“தண்ணி கேட்டால் இன்னும் ஒரு அகப்பை கறி வைக்கிறதுதான் எங்கட வழக்கமெண்டு சொல்லு, பிள்ளை.”

நான் முகம் மாறாமல் ஜெர்மனில் சொன்னேன். வழக்கம் என்றால் மறுக்க முடியுமா? முதலாளி வியர்த்து வழியத் தின்றார்.

எங்கள் ஊரான யாழ்ப்பாணத்தில் அப்படியொரு வழக்கமே இல்லை. எங்கள் வீட்டில் இன்றும் உண்டு.