பழைய எண்ணா, புதிய எண்ணா?

இரண்டு வருடங்களுக்கு முன், கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி இருக்கும். ராயபுரம் பக்கம் ஒரு குறுக்குத் தெருவில் எங்கள் வீடு. மாதா கோயிலில் பூசைக்கு முதல் மணி அடித்துவிட்டது. நான் புடவைக்குப் பின் குத்திக்கொண்டிருந்தேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் என் கணவர் ஷிப்ட் முடிந்து வந்து அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

கதவைத் தட்டினார்கள். தட்டினார்கள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், உண்மையில் இடித்தார்கள். "இதோ வரேன்" என்று குரல் கொடுத்துக்கொண்டே போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தேன். அவ்வளவுதான். கதவு தாழ்ப்பாளைப் பிய்த்துக்கொண்டு உள்ளே வந்தது. என் வலது மணிக்கட்டு கதவுக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது.

ஐந்து பேர் சாதாரண உடையில் வந்திருந்தார்கள். கூட ஒரு பெண் காவலர், சீருடையில். வேறு பகுதியிலிருந்து வந்த தனிப்படையாம். தூக்கம் கலைந்து எழுந்து வந்த என் கணவரை ஓரமாக நிறுத்திவிட்டு, கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குள், என் தையல் மிஷினுக்குப் பின்னால் எல்லாம் தேடினார்கள். செல்போன் பறிப்பு வழக்கில் ஒருவனைப் பிடிக்க வந்திருக்கிறார்கள். "எங்கம்மா உன் பையன்?" என்று ஒருவர் அதட்டினார். எங்களுக்குக் குழந்தை இல்லை. இருபது வருடமாக மனதுக்குள் வைத்துப் புழுங்கிய விஷயத்தை, உடைந்த கையைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்து ஒரு போலீஸ்காரரிடம் சொல்ல வேண்டி வந்தது.

"இது இருபத்தொண்ணு தானே?" என்றார் அவர். இருபத்தொன்றுதான். ஆனால் புதிய எண் இருபத்தொன்று. அவர்கள் தேடி வந்த வீடு தெருவின் அந்தக் கோடியில் இருக்கும் பழைய எண் இருபத்தொன்று.

சென்னையில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எண்களை மாற்றி எத்தனையோ காலமாகிவிட்டது. பழசும் போகவில்லை, புதுசும் முழுதாக ஒட்டவில்லை. எங்கள் தெருவுக்கு யார் வந்தாலும் முதல் கேள்வி "பழசா, புதுசா?" என்பதுதான். தபால்காரர் கேட்பார். காஸ் சிலிண்டர் போடுபவர் கேட்பார். கல்யாணப் பத்திரிகை வைக்க வருபவர்கள்கூடக் கேட்பார்கள். இந்த ஆறு பேரில் ஒருவருக்குக் கூடக் கேட்கத் தோன்றவில்லை.

எங்கள் பக்கமும் ஒரு தப்பு இருந்தது, மறைக்கவில்லை. பண்டிகைக்கு வெள்ளையடித்தபோது என் கணவர் பழைய எண் பலகை மேலேயே ஒரு இழு இழுத்துவிட்டார். திரும்ப எழுதச் சொல்லி இரண்டு தடவை சொன்னேன், அவர் எழுதவில்லை. அந்தப் படையின் தலைவருக்கு அது போதுமானதாக இருந்தது. "ரெண்டு நம்பரும் எழுதி வச்சிருந்தா எங்களுக்கு ஏம்மா இந்தக் குழப்பம்?" என்று என்னையே கேட்டார். கதவு கீழே கிடக்கிறது, என் கை தொங்குகிறது, அவருக்குக் குழப்பமாம்.

கதவில்லாத வீட்டுக்குக் காவலாக என் கணவர் இருந்துகொள்ள, அரசு மருத்துவமனைக்கு என்னை அவர்களே அழைத்துப் போனார்கள். எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கூட வந்த காவலர், "வீட்டுல தவறி விழுந்துட்டாங்க சார்" என்றார். நான் அந்தப் பெண் காவலரைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். வலி ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். விபத்துப் பதிவேட்டில் 'தவறி விழுந்ததாகக் கூறுகிறார்' என்று ஏறிவிட்டது. நான் ஒரு வார்த்தை கூறவில்லை, ஆனால் கூறியது நான்தானாம். பிறகு என் கணவர், "இன்னாத்துக்கு நீ அப்போ வாய மூடிகினு இருந்த?" என்று கேட்டார். அந்த ஒரு நிமிடத்துக்காக இன்றும் என் மேல் எனக்குக் கோபம் உண்டு.

தையல்தான் என் தொழில். கிறிஸ்துமஸுக்கு வந்த துணிகளைப் பாதி தைத்தபடியே திருப்பிக் கொடுத்தேன். மணிக்கட்டில் பிளேட் வைத்தார்கள். கட்டுப் பிரித்த பிறகு விரல்கள் மடங்கின, ஆனால் கத்தரிக்கோலைப் பிடித்து அழுத்த வலு வரவில்லை.

படைத் தலைவர் ஒரு நாள் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து, "ரொம்ப வருத்தமா இருக்கும்மா" என்றார். அதை எழுதிக் கொடுங்கள் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. ஆப்பிளை வைத்துவிட்டுப் போனவர் பிறகு வரவேயில்லை.

போலீஸ் ஸ்டேஷன் பதிவிலும் நான் தவறி விழுந்ததாகத்தான் எழுதியிருந்தார்கள். நான் கேட்டது ஒரே ஒரு வரி. 'தவறி விழுந்தார்' என்பதை எடுத்துவிட்டு, நடந்ததை எழுதுங்கள் என்றேன். அந்த ஒரு வரிக்காக ஏழு மாதம் ஸ்டேஷனுக்கு நடந்தேன். அய்யா பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார், அந்தத் தனிப்படையையே கலைத்துவிட்டார்கள், ஆஸ்பத்திரியிலேயே விழுந்ததாகத்தானே போட்டிருக்கிறது என்று நாளுக்கு ஒரு பதில் சொன்னார்கள். ஒரு முறை இடது கையால் கஷ்டப்பட்டு எழுதிய மனுவைப் பார்த்து, "கையெழுத்து சரியில்ல, வேற யாரையாவது எழுதச் சொல்லுங்க" என்றார் ஒருவர். எதற்கு மனு கொடுக்கிறேன் என்று அவர் படித்திருந்தாலாவது பரவாயில்லை.

கடைசியில் உயர் அதிகாரிக்கு மனு அனுப்பினேன். அதற்கும் பதில் இல்லை. விட்டுவிடலாம் என்று நினைத்திருந்த சமயத்தில், ஒரு சாயங்காலம் பழைய எண் இருபத்தொன்றில் இருக்கும் அம்மா என் வாசலில் வந்து நின்றார். போலீஸ் தேடி வந்தது அவர் மகனைத்தான். அவன் மறு வாரமே பிடிபட்டுவிட்டான். அவமானம் தாங்காமல் அந்த அம்மா வீட்டைப் பூட்டிக்கொண்டு எண்ணூரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். அன்றுதான் திரும்பியிருக்கிறார். கையில் இரண்டு கவர்கள்.

"யக்கா, இது உன் பேர்ல வந்துகீது. எங்க வூட்டு கேட்டுல சொருவிட்டுப் பூட்டானுங்க" என்றார். பிறகு, "எம்புள்ளயாலதான உனக்கு இந்த பேஜாரு" என்று அழுதார். நான் அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

முதல் கவரில், விசாரணைக்கு நேரில் வரச் சொல்லி உயர் அதிகாரி அலுவலகத்திலிருந்து வந்த கடிதம். தேதி முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. இரண்டாவதில், மனுதாரர் ஆஜராகாததால் மனு முடித்து வைக்கப்படுகிறது என்று இருந்தது. இரண்டிலும் முகவரி, எண் 21. பழசு என்றும் இல்லை, புதுசு என்றும் இல்லை. கதவை உடைக்க வந்தபோது புது எண், கடிதம் கொடுக்க வந்தபோது பழைய எண். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மறுநாள் காலை அந்த அலுவலகத்துக்குப் போய் இரண்டு கவர்களையும் உயர் அதிகாரியின் மேஜை மேல் வைத்தேன். "ரெண்டாவது தடவையும் வீடு மாறி வந்துட்டீங்க சார். இந்தத் தடவை கதவை உடைக்கல, அது ஒண்ணுதான் வித்தியாசம்" என்றேன். அவர் முகவரியைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். நாற்காலி போடச் சொன்னார். மனுவைத் திரும்ப எடுத்து, அந்தப் பெண் காவலரை வரவழைத்தார். அந்தப் பெண் இந்த முறை தலையைக் குனியவில்லை. "அவங்க விழல சார். நாங்க கதவ உடைச்சதுலதான் கை மாட்டிக்கிச்சு" என்றார். அது எழுத்தில் ஏறியது. கீழே கையெழுத்தும் விழுந்தது. மற்ற விசாரணை இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இப்போது எங்கள் வாசலில் இரண்டு எண்களும் பெரிதாக இருக்கின்றன. நானே இடது கையால் எழுதினேன், கொஞ்சம் கோணல்தான். சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு, மூச்சு வாங்க வெளியே நின்று, தெரிந்த வீடானாலும் "பழசா, புதுசா?" என்று ஒரு வார்த்தை கேட்கிறாரே, அந்த மனிதருக்கு இருக்கும் பொறுப்பு கதவை உடைக்க அதிகாரம் உள்ளவர்களுக்கும் இருந்திருந்தால், என் கத்தரிக்கோல் இன்றும் என் கையில் இருந்திருக்கும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன்.