மாமாவின் படம்

லகாட்டில் அத்தை வீட்டுக் கூடத்தில் மாலை போட்டுத் தொங்கிய படம் ஒரு வெள்ளைக்காரருடையது. நெற்றியில் சந்தனம், குங்குமம். புதிதாக வருகிறவர்கள் தயங்கித் தயங்கி யாரென்று கேட்பார்கள். "எங்க வீட்டுக்காரரு," என்பார் அத்தை. அதற்குமேல் விளக்கம் கிடைக்காது.

விளக்கம் இதுதான். சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மாமா பால் லோரி ஓட்டினார். பாடாங் திடலில் வெள்ளைத் துணி கட்டி ஆங்கிலப் படம் காட்டும்போதெல்லாம், குதிரையில் வரும் ஓர் அமெரிக்க நடிகரைப் பார்த்து, "நம்ம லோரிக்காரருலா!" என்று லயத்துச் சனம் கூச்சல் போடும். மோவாயில் அதே குழி, அதே கோணல் சிரிப்பு. நிறம்தான் வேறு. மாமா திடீரென்று இறந்தபோது படையலுக்கு வைக்க ஒரு படம்கூட இல்லை. இருந்த ஒன்றும் அடையாள அட்டையில் இருந்தது. இறப்பைப் பதியப் போன இடத்தில் அதை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அத்தை சினிமாப் பத்திரிகையிலிருந்து அந்த நடிகரை வெட்டியெடுத்து, ஈப்போவில் கண்ணாடி போட்டுக் கொண்டுவந்து மாட்டினார். முகம் மறந்துபோகக் கூடாது என்றார்.

உயிரோடு இருக்கிறவருக்கு மாலை போடுவது பாவம் என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். நடிகருக்கு ஒன்றும் ஆகவில்லை. கதாநாயகனாகச் சுட்டார், பிறகு கதாநாயகியின் அப்பாவானார், கடைசியில் தொலைக்காட்சித் தொடரில் தொப்பையும் வழுக்கையுமாக நீதிபதியானார். அத்தை எதையும் தவறவிட்டதில்லை. "இருந்திருந்தா எங்க வீட்டுக்காரருக்கும் முடி கொட்டியிருக்கும்," என்றார் அந்த நீதிபதியைப் பார்த்து. எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும்தான்.

சென்ற மாதம் அந்த நடிகர் இறந்த செய்தி கைப்பேசியில் வந்தது. அத்தையிடம் சொல்வதா வேண்டாமா என்று ஈப்போவிலிருந்து லகாட் வரை யோசித்துக்கொண்டே காரை ஓட்டினேன். இந்த வயதில் இன்னொரு முறை புருஷனைப் பறிகொடுத்த மாதிரி ஆகிவிடுமோ என்று பயமாக இருந்தது. கடைசியில் சொல்லிவிட்டேன். அத்தை படத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"மாலையைக் கழட்டிடு தம்பி. இனிமே அது அவரு சாவுலா. அவங்க வீட்டுல போடட்டும்."

"அப்போ மாமா மொகம்? மறந்து போயிடாதா அத்தே?"

"எனக்கா? எனக்கு எப்படி மறக்கும்? நீங்கள்லாம் அப்போ சின்னப் புள்ளைங்க. உங்களுக்காகத்தான மாட்டினேன்."

படத்தை நான் வாங்கிக்கொண்டேன். இப்போது என் மேசைமேல் இருக்கிறது. மாமாவின் லோரியில் முன்சீட்டில் உட்கார்ந்து எத்தனையோ தடவை போயிருக்கிறேன். கண்ணை மூடினால் ரப்பர் பால் வாடை வருகிறது, கியரைத் தள்ளும் கறுத்த கை தெரிகிறது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே மேலே முகத்துக்குப் போனால், அங்கே வெள்ளைக்காரர் சிரிக்கிறார். நெற்றியில் குங்குமம்.