சாமி அறைக்குப் போன சுழல்காற்று

ஒருவனுடைய புத்தியை அளக்க வேண்டுமென்றால், அவன் கண் முன்னால் ஒரு சுழல்காற்றை இறக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். எனக்கு அந்த வாய்ப்பு அறுபதுகளின் தொடக்கத்தில், ஓர் ஐப்பசி மாதப் பின்னேரம், பருத்தித்துறைக் கடற்கரையில் கிடைத்தது. அன்று அங்கே நின்ற பெரிய மனிதர்களைப் பற்றி அப்போது எனக்கு உண்டான அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ள இன்றுவரை ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

நான் அத்தானுடைய ஸ்ரூடியோவில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அத்தான் என்பது என் அக்காவின் கணவர். அவருக்குப் படம் எடுப்பதைவிட எடுத்த படத்தைத் திருத்துவதில்தான் பேர். நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்து, பென்சிலாலும் சவர அலகாலும் அவர் செய்யாத அநியாயம் இல்லை. கறுத்த பெண்ணை வெளுக்க வைப்பார். அம்மைத் தழும்பை நிரப்புவார். மாப்பிள்ளையின் வழுக்கையில் மயிர் முளைக்கும். ஊரில் பாதிக் கலியாணம் அவருடைய பென்சிலால் பொருந்தியது, மற்றப் பாதி பெண்ணை நேரில் பார்த்த பிறகு குழம்பியது. இதைக் கலை என்று சொல்லிக்கொள்வார்.

அன்று கடற்கரையோரத்து வீடு ஒன்றில், வயதுக்கு வந்த பெண்ணுக்குச் சாமத்தியச் சடங்கு. பெண்ணை மணவறையில் இருத்தி நான் கமெராவைச் சரி செய்துகொண்டிருந்தபோது வெளியில் கூக்குரல் கேட்டது. "மேகம் தண்ணி எடுக்குது!" ஓடிப்போய்ப் பார்த்தேன். கடலுக்கு மேல் கரிய மேகத்தின் வயிறு தொங்கியது. அதிலிருந்து வால்போல ஒன்று இறங்க, கீழே கடலும் கொதித்து எழும்பி அதைப் பிடித்துக்கொண்டது. நிறையச் சைக்கிள்களுக்கு ஒரே நேரத்தில் காற்றுப் போவதுபோல ஒரு சத்தம். அது கரையை ஒட்டி எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.

மீனவர்கள் வள்ளங்களை மேலே இழுக்க ஓடினார்கள். அவர்கள் மட்டும்தான் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். நான் கமெராவோடு கரையோரப் பவள முருகைக்கற்களின் மேல் தாவித் தாவி, அலை காலை அடிக்கும் இடம் வரை போனேன். பின்னால் சடங்கு வீட்டுத் தகப்பன் பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"தம்பி, பிலிமை வீணாக்காதை! இன்னும் பிள்ளைக்கு ஆரத்தி எடுக்கேல்லை!"

அவருக்குப் பக்கத்தில் நின்ற இளைப்பாறிய வாத்தியார் ஒருவர், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இது சாதாரண காற்றழுத்தம்தான் என்று பெண்களுக்கு விளக்கினார். காற்று அவருடைய குடையைப் பிடுங்கிக்கொண்டு போன பிறகும் விளக்கினார். எல்லாரையும் வென்றவர் பெண்ணின் தாய்மாமன். கொழும்பில் உத்தியோகம். கழுத்தில் துரைமார் கட்டும் ரை. அவர் என் முன்னால் வந்து நின்று, நெஞ்சை நிமிர்த்தி, "என்னையும் சேத்து எடும்" என்றார். எடுத்தேன். அந்தப் படத்தில் அவருடைய ரை மட்டும் தெளிவாக விழுந்தது.

அவரைத் தள்ளிவிட்டு இன்னும் முன்னே போனேன். உப்புத் தண்ணீர் லென்சில் தெறித்தது. சட்டை விளிம்பால் துடைத்துத் துடைத்து எடுத்தேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைவிடச் சந்தோசம் பெரிதாக இருந்தது, ஏனென்றால் அதுவரை நான் எடுத்த எதுவும் இவ்வளவு உண்மையாக என் முன்னால் நின்றதில்லை. சிறிது நேரத்தில் சுழல் கிழக்கே ஒதுங்கி, மெலிந்து, அறுந்து போனது.

அடுத்த நாள் காலை படத்தைக் கழுவி, பெரிதாக ஒரு பிரதி போட்டேன். கடைசிப் படம் அப்படியே விழுந்திருந்தது. சுழலின் அடியில் நுரை; நுரைக்குப் பக்கத்தில் அரிசி மணியளவில் ஒரு வெள்ளைப் புள்ளி. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். ஒரு பாய்மரம். பாயின் குறுக்கே கறுப்பாக ஒரு பட்டி.

"தூசி" என்றார் அத்தான்.

"தூசியில்லை அத்தான், வள்ளத்தின்ரை பாய்."

"சாமிப் படத்திலை வள்ளத்தை ஆர் தேடப் போறான்?"

அப்போதுதான் அவர் மனதில் ஓடியது எனக்கு விளங்கியது. மேலே அகன்று கீழே ஒடுங்கிய அந்தச் சுழல் அவருக்கு முருகனின் வேலாகத் தெரிந்திருக்கிறது. அப்படிப் பார்த்தால் எங்கள் வீட்டு அகப்பையும் வேல்தான். நான் தேத்தண்ணி குடித்துவிட்டு வருவதற்குள் நெகட்டிவில் அந்தப் புள்ளியை அலகால் சுரண்டி எடுத்துவிட்டார். மிஞ்சியது நான் முதலில் போட்ட ஒரே பிரதி. அதை என் மேசை இலாச்சியில் வைத்துப் பூட்டினேன்.

அன்று பின்னேரம்தான் செய்தி வந்தது. ஒரு வள்ளம் கரை திரும்பவில்லை. கூட்டாளிக்குக் காய்ச்சல் என்று அதை ஓட்டிய மீனவன் தனியே போயிருக்கிறான். தேடிப் போனவர்களுக்கு ஒரு பலகைத் துண்டுகூட அகப்படவில்லை. அது போதும் எங்கள் ஊருக்கு. அவன் முன்பும் இரண்டொரு தரம் அக்கரையில், இந்தியாவின் கோடியக்கரைக்குப் போய் வந்தவன், அங்கே ஒருத்தி இருக்கிறாள், அவளிடம் ஓடிவிட்டான், அதற்குத்தான் தனியே போனான். இவ்வளவையும் ஒரு சந்தைக் காலைக்குள் முடிவு செய்துவிட்டார்கள்.

அத்தானின் "வேல் காட்சி" ஸ்ரூடியோ வாசல் கண்ணாடிப் பெட்டியில் ஏறியது. உடுவிலில் இருந்தும் நீர்வேலியில் இருந்தும் பஸ் பிடித்து வந்து ஆளுக்கொரு பிரதியைச் சட்டம் போட்டு வாங்கிப் போனார்கள். நீர்வேலிக்காரர் ஒருவர் அதன் பிறகுதான் தன் வாழைக்குலைகள் பெருத்தன என்று வந்து சொன்னார். சடங்கு வீட்டுத் தகப்பனோ, பிலிமை வீணாக்காதே என்று கத்திய அதே வாயால், தன் மகளை ஆசீர்வதிக்கத்தான் முருகன் இறங்கினான் என்று ஊரெல்லாம் கதைத்தார். அதைவிடக் கேவலம், அந்தப் படத்தையே சாட்சியாக்கினார்கள். "படத்திலையும் வள்ளம் இல்லைத்தானே? சுழல் வரமுந்தியே ஆள் அக்கரைக்குப் போயிட்டான்."

தேத்தண்ணிக் கடையில் எனக்குப் பொறுக்கவில்லை. வள்ளம் இருந்தது, அத்தான் சுரண்டிவிட்டார் என்று சொன்னேன். சிரித்தார்கள். தம்பிக்கு ஓடினவனுடைய பெண்சாதியில் ஒரு கண் என்றான் ஒருவன். அதற்கும் சிரித்தார்கள்.

அந்தப் பேச்சு எப்படியோ காணாமல் போனவனின் மனைவியின் காதுக்குப் போய், அவள் ஸ்ரூடியோவுக்கு வந்தாள். மாமியாரையும் கையில் பிடித்துக் கூட்டி வந்தாள். கிழவிக்கு இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருந்தது.

"அண்ணை, வள்ளம் தெரியிற படம் உங்களிட்டை இருக்காம்."

அவள் அதைக் கேட்டபோது கிழவி குறுக்கிட்டு மன்றாடினாள். "இருக்காது தம்பி. என்ரை பிள்ளை அக்கரையிலை இருக்கிறான். ஆரோடையும் இருக்கட்டும், உயிரோடை இருந்தால் காணும்."

ஒரே படம். ஒருத்திக்கு வள்ளம் அதில் இருக்க வேண்டும், தன்னை அவன் விட்டுப் போகவில்லை என்பதற்காக. மற்றவளுக்கு அது இருக்கக் கூடாது. நான் இலாச்சியைத் திறந்து படத்தையும் கண்ணாடியையும் கொடுத்தேன். அவள் குனிந்து பார்த்தாள். அவளுடைய விரல் அந்தக் கறுப்புப் பட்டியில் போய் நின்றது. பாய் கிழிந்தபோது அவளுடைய பழைய சீலையைக் கிழித்து ஒட்டுப் போட்டிருக்க வேண்டும். விரல் நின்ற விதத்தில் எனக்கு அது தெரிந்தது. பிறகு நிமிர்ந்தாள்.

"ஒண்டும் இல்லை மாமி. வெறும் தண்ணி."

கிழவி என் மேசையைத் தொட்டுக் கும்பிட்டாள். நான் வாயைத் திறந்தேன். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். கிழவியை வாசலில் விட்டுவிட்டுத் திரும்பி வந்து மெதுவாகச் சொன்னாள்: "உங்களிட்டையே இருக்கட்டும் அண்ணை. மாமி இருக்குமட்டும் ஒருத்தரிட்டையும் கதையாதேங்கோ."

அதன் பிறகு எத்தனையோ வருடம் அவள் பொட்டோடு சந்தையில் மீன் விற்றாள். ஓடிப் போனவனுக்காகப் பொட்டு வைக்கிறாள் என்று அவள் காதுபடவே சொன்னார்கள். சொன்னவர்களின் வீட்டுச் சாமி அறையில் அத்தானின் வேல் தொங்கியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு அவர்களுடைய பிள்ளைகளின் கலியாணங்களைப் படம் எடுத்தேன்.

எழுபதுகளின் நடுவில் கிழவி செத்தாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த மறுநாள் மருமகள் வந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது.

"இப்ப வையுங்கோ அண்ணை. எல்லாரும் பாக்கட்டும்."

கண்ணாடிப் பெட்டியில் இருந்த வேல் படத்தைக் கழற்றிவிட்டு, வள்ளம் தெரியும் என் பிரதியை வைத்தேன். அத்தான் முணுமுணுத்தார், ஆனால் அலகைப் பிடிக்கும் வயது அவருக்கு அப்போது கடந்திருந்தது. முதலில் வந்து பார்த்தவர் வேறு யாருமில்லை, சடங்கு வீட்டுத் தகப்பன்தான். மூக்கைக் கண்ணாடியில் முட்டிக்கொண்டு நின்றார்.

"உதிலை தூசி விழுந்து கிடக்கு. துடைச்சுப்போட்டு வையுமன்."

அவள் மீன் கூடையோடு அவருக்குப் பக்கத்தில் நின்றாள். "அது தூசியில்லை ஐயா. என்ரை புருசன்."

அவர் அவளைப் பார்க்கவில்லை. அவளுடைய வெறும் நெற்றியைப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "ஐயோ, அப்ப எங்கடை படத்திலையும் உவன் சாகிறானோ? கிரியை செய்யாத சாவல்லோ!" என்று சொல்லிக்கொண்டே விறுவிறு என்று நடந்தார்.

உண்மையை நம்பாத ஊர் துடக்கை, சாவுத் தீட்டை, நம்பியது. அன்று மாலையே படங்கள் திரும்பி வரத் தொடங்கின. சட்டத்தோடு, குங்குமத்தோடு, காய்ந்த பூமாலையோடு கொண்டுவந்து ஸ்ரூடியோப் படியில் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். நீர்வேலி வாழைக்காரர் கார் பிடித்து வந்தார். அவன் ஓடவில்லை என்று அதற்குப் பிறகு எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். அவளிடம் போய் ஒரு வார்த்தை சொன்னவர் ஒருவரும் இல்லை. அந்த ஊரில் அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை.

அந்தக் கிழமை முடிவில் அவள் சந்தையிலிருந்து திரும்பும்போது ஸ்ரூடியோ வாசலில் நின்றாள். படிக்குப் பக்கத்தில் படங்கள் இடுப்பளவுக்குக் குவிந்திருந்தன. கூடையை இறக்கி வைத்துவிட்டு, ஒன்றை எடுத்து, கண்ணாடியில் படிந்திருந்த விளக்குப் புகையை முந்தானையால் துடைத்தாள். நுரைக்குப் பக்கத்தில், அத்தான் சுரண்டிய இடத்தில், ஒன்றும் இல்லை. அவள் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இவ்வளவு வீட்டிலையும் அவருக்கு விளக்கு வைச்சவையோ, அண்ணை?"

"ஓம்" என்றேன்.