சாவி அத்தையிடம் இருந்தது

எங்கள் சபையில் மூப்பர் ஆவதற்கு என்ன தகுதி வேண்டும் என்று யாராவது கேட்டால், வெள்ளைச் சட்டையும் கனத்த குரலும் போதும் என்பேன். கேட்பவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. ஒன்பது வயதில் வந்த கோபம், பிள்ளை பெற்ற பிறகும் எனக்கு ஆறவில்லை.

மூப்பர் என்பவர் சபைக்கு வீட்டுப் பெரியவர் மாதிரி. யாருக்கு உடம்பு சரியில்லை, எந்த வீட்டில் சண்டை, யார் நாலு வாரமாக ஆராதனைக்கு வரவில்லை என்று போய் விசாரிக்க வேண்டியவர். எங்கள் சபையில் இதையெல்லாம் செய்தது என் அத்தை. மூப்பராக இருந்தது பெரியப்பா. அவர் என் அப்பாவுக்கு அண்ணன். அத்தை அவர்கள் இருவருக்கும் தங்கை, எங்கள் வீட்டோடு இருந்தாள். நோயாளிகளுக்காகப் பெரியப்பா மைக்கில் உருக்கமாக ஜெபிப்பார். அவர்கள் எந்த வார்டில் கிடக்கிறார்கள் என்பதை மட்டும் அத்தையிடம் கேட்டுக்கொள்வார்.

அந்த வருடம் பெரியப்பாவின் பதவிக்காலம் முடிந்தது, மறுபடியும் அவரே நிற்பதாக இருந்தார். இனிமேல் பெண்களும் நிற்கலாம் என்றார் போதகர். யாரோ அத்தையின் பெயரைச் சொன்னார்கள், அத்தையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளுக்கு அந்த ஆசை இருந்தது. புதிதாக ஒரு வெள்ளைப் புடவை எடுத்து, என்னிடம் மட்டும் காட்டினாள். பெரியப்பா பத்து நாள் எங்கள் வீட்டில் காபி குடிக்கவில்லை.

தேர்தல் ஞாயிறு பெரிய தீபத்தன்றா வந்து தொலைக்க வேண்டும்! எங்கள் சர்ச் இருப்பது கிரிவலப் பாதையில். தீபத்தன்று காலையிலிருந்தே சாலை கொள்ளாமல் ஜனம் மலையைச் சுற்றி நடக்கும். சபையார் உள்ளே வந்ததும் கேட்டைப் பூட்டிவிட வேண்டும் என்பது பெரியப்பா போட்ட சட்டம். திறந்து வைத்தால் கக்கூஸையும் குழாயையும் நாசம் செய்துவிடுவார்களாம். மாற்றுச் சாவி ஒன்று அத்தையின் கைப்பையில் இருக்கும். நற்கருணைக் கிண்ணங்களைக் கழுவி வைத்துவிட்டுக் கடைசியாகப் போகிறவள் அவள்தானே.

பிரசங்கம் நீண்டுகொண்டே போனதால் நான் நைசாக வெளியே வந்தேன். கேட்டுக்கு அந்தப் பக்கம் என் வயதுப் பெண் ஒருத்தி காலைப் பின்னிக்கொண்டு நின்றாள். அவளுடைய அம்மா கம்பியைப் பிடித்தபடி, "பாப்பாவுக்கு அவசரமா வருதும்மா, கொஞ்சம் தொறக்கச் சொல்லேன்" என்றாள். அத்தை பாட்டுக் குழுவோடு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் பை எங்கள் பெஞ்சில் இருந்தது. சாவியை எடுத்து வந்து நானே திறந்தேன்.

ஒருத்திக்குத் திறந்த கேட்டில் ஐந்து நிமிடத்தில் ஐம்பது பேர் வந்துவிட்டார்கள். வராண்டா முழுக்க ஈரக் கால்தடம். சபை விருந்துக்குப் பிடித்து வைத்திருந்த டிரம் தண்ணீர் பாதிக்குக் கீழே போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது. சத்தம் கேட்டு அத்தை வந்து பார்த்தாள். ஒன்றும் கேட்காமல், "லேடீஸ் மொதல்ல வாங்க, தண்ணி கம்மியா ஊத்துங்க" என்று வரிசையை ஒழுங்கு செய்ய ஆரம்பித்தாள். பின்னாலேயே பெரியப்பா வந்தார். பாதி சபையும் வந்தது.

"யாரு கேட்டைத் தொறந்தது?"

சாவி என் கையில் இருந்தது. அதைப் பெரியப்பா நன்றாகவே பார்த்தார். பார்த்துவிட்டு அத்தையின் பக்கம் திரும்பி நின்றார்.

"நான்தாண்ணா" என்றாள் அத்தை.

"பொம்பளைங்க கையில பொறுப்பைக் குடுத்தா இப்படித்தான் ஆவும்னு நான் அப்பவே சொன்னேன்" என்று அவர் சபையைப் பார்த்துச் சொன்னார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். எங்கள் சர்ச்சில் பூசாரி கிடையாது; அந்தக் குறையைப் பெரியப்பா தீர்த்துவைத்தார்.

ஆராதனை முடிந்ததும் கை தூக்கச் சொன்னார்கள். அத்தைக்கு ஏழே ஏழு கைகள். மற்றதெல்லாம் பெரியப்பாவுக்கு. அத்தை கஞ்சி எடுத்துப்போன வீட்டார், ஆஸ்பத்திரியில் அத்தையைத் துணைக்கு வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கியவர்கள், எல்லாரும் கூசாமல் தூக்கினார்கள். என் அப்பாவும் தூக்கினார். அண்ணனுக்குக் கை தூக்காமல் எப்படி இருப்பது என்று அம்மாவிடம் பிறகு சொன்னார். தங்கைக்கு எதிராக மட்டும் எப்படித் தூக்க முடிந்தது என்று அம்மா கேட்கவில்லை. நான் இன்றுவரை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

எல்லாரும் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அத்தை அந்த வெள்ளைப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கக்கூஸைக் கழுவினாள். நான் வாளியோடு நின்றேன்.

"ஏன் அத்தை பொய் சொன்னே?"

"அந்த மூலையில கொஞ்சம் தண்ணி ஊத்து" என்றாள்.

சாயங்காலம் மலை உச்சியில் தீபம் ஏறியதும் பக்கத்து மாடிகளில் எல்லாரும் கைகூப்பி அரோகரா சொன்னார்கள். எங்கள் மாடியில் நான் மண்டிபோட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். பொய் சொல்வது பாவம் என்று சண்டே ஸ்கூலில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்தப் பொய்யால்தான் அத்தை தோற்றாள், தோற்றது நியாயம்தான் என்றுகூட நினைத்தேன். ஆண்டவரே, அத்தையை மன்னித்துவிடும் என்று பெரியப்பாவைப் போலவே உருக்கமாக ஜெபித்தேன். சாவியைப் பற்றி மூச்சு விடவில்லை.