ஸ்பேஸ்பாரில் சந்தனம்

சரஸ்வதி பூசையன்று புத்தகங்களுக்கெல்லாம் சந்தனம் வைத்த அம்மா, என் கம்பியூட்டரையும் விட்டுவைக்கவில்லை. கொள்ளுப்பிட்டியில் நான் வேலை செய்த கந்தோரில் கழித்துவிட்ட பழைய சாமான் அது. தட்டினால் கடகடவென்று சத்தம் போடும் கீபோர்ட். பொட்டு வைக்க இடம் தேடிய அம்மாவுக்கு ஸ்பேஸ்பார்தான் நெற்றி மாதிரித் தெரிந்திருக்கிறது. தண்ணியாகக் கரைத்த சந்தனம் உள்ளே இறங்கி மறுநாள் காலை இறுகிக் கிடந்தது. அமத்தினால் போகிறது, எழும்பி வரவில்லை.

"உங்களுக்கு வேற இடம் கிடைக்கேல்லையோ?" என்று வெள்ளவத்தை முழுக்கக் கேட்கக் கத்தினேன். அன்றைக்கென்று ஒரு கடிதம் அடிக்கவேண்டியிருந்தது. அண்ணன் அம்மாவைக் கனடாவுக்குக் கூப்பிட ஒழுங்கு செய்திருந்தான். வரச் சம்மதம் என்று அம்மா கையெழுத்து வைத்த கடிதம் அங்கே லோயருக்குப் போகவேண்டும். பாமன்கடையில் தெரிந்தவர் ஒருவர் அன்று கனடாவுக்குப் பறக்கிறார். நாலு மணிக்குள் கொடுத்தால் கையோடு கொண்டுபோவார். என்னைச் சேர்க்க வழியில்லை. எனக்கு முப்பத்தெட்டு, வயது கடந்துவிட்டதாம்.

அம்மாவாவது போகட்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான்தான். போன மாதம் ஒரு சுற்றிவளைப்பில் என்னைப் பிடித்து ஒரு பகல் முழுக்கப் பொலிஸில் வைத்திருந்தார்கள். விட்டபோது அம்மா பொலிஸ் வாசலுக்கு வெளியே, காலையில் நின்ற அதே இடத்தில், செருப்பில்லாமல் வெயிலில் நின்றார். அதை இன்னொரு தரம் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

சின்னக் கீக்களைக் கரண்டிக் காம்பால் கழற்றுவது வலு சுலபம். ஸ்பேஸ்பார் அப்படியல்ல. அதன் அடியில் நீளக் கம்பி ஒன்று இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டிருக்கும். அதனால்தான் எந்த ஓரத்தில் தட்டினாலும் சாயாமல் ஒரே மட்டமாக இறங்கும். ஒரு பக்கம் மட்டும் நெம்பினால் கம்பியைப் பிடிக்கும் கொளுவி உடைந்துவிடும். இரண்டு பக்கமும் மாறி மாறி, மெல்ல மெல்ல எழுப்பி எடுத்தேன்.

"இந்தக் கம்பி இல்லாட்டில் எழுத ஏலாதோ பிள்ளை?"

"ஏலாது. சும்மா விடுப்புப் பார்த்துக் கேள்வி கேளாமல் அங்காலை போங்கோ அம்மா."

எல்லாவற்றையும் சவர்க்காரத் தண்ணீரில் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தால், தட்டத்தில் வைத்த கம்பியைக் காணவில்லை. கட்டிலுக்கடி, மேசைக்கடி, குப்பைக்கூடை, எல்லாம் கிண்டினேன். மணி இரண்டரை. கம்பி இல்லாமல் செருகிப் பார்த்தேன். பெருவிரல் பட்ட பக்கம் சாய்ந்து அப்படியே இறுகிவிட்டது. நிலத்திலேயே இருந்துகொண்டு அழத் தொடங்கிவிட்டேன்.

அம்மா பக்கத்தில் வந்து குந்தினார். இடுப்பில் செருகியிருந்த சேலைத் தலைப்பை எடுத்து விரித்தார். கம்பி அதற்குள் இருந்தது.

"நான் போகேல்லை பிள்ளை."

"ஐயோ, அதை வாயாலை சொல்லியிருக்கலாமே!"

"மூண்டு தரம் சொன்னனான். மூண்டு தரமும் பாஞ்சு விழுந்தனீ."

உண்மைதான், விழுந்தேன். வெட்கமாக இருந்தது. மறைப்பானேன், அதைவிடச் சந்தோசமாக இருந்தது. அவர் போனபின் இந்த அறைக்குள் எப்படி வந்து நுழைவேன் என்று நினைத்து எத்தனை நாள் குளியலறைக்குள் அழுதேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

கம்பியைத் திரும்பப் பூட்ட என் இரண்டு கை போதவில்லை. ஒரு நுனியைக் கொளுவினால் மற்றது கழன்றது. அம்மா ஒரு பக்கத்தைத் தன் கொண்டையூசியால் அமத்திப் பிடித்துக்கொண்டார். நான் மறுபக்கத்தைக் கொளுவி நடுவில் அழுத்தினேன். டக்கென்று பூட்டிக்கொண்டது. எங்கே தட்டினாலும் துள்ளி எழும்பியது.

"இனி எழுது. நான் வரேல்லை எண்டு எழுது."

அடித்தேன்.

"பிள்ளைக்குச் சோறு போட்டுக் குடுக்க இங்கை ஆளில்லை எண்டும் எழுது."

"லோயருக்கோ அம்மா? எனக்கென்ன, சமைக்கத் தெரியாதோ?"

"எழுது எண்டால் எழுதன்."

முப்பத்தெட்டு வயதுப் பிள்ளைக்குச் சோறு போட ஆளில்லை என்று, நல்ல ஆங்கிலத்தில், லோயருக்கு எழுதினேன். அம்மா கையெழுத்து வைத்தார்.